தெருமுனையில் இறங்கிய வீடு

"பேரு ரசமட்டம். வயசு இருபத்தாறு. இருக்கிறது வெளிநாட்டுல, வீடு செய்யற ஒரு ஃபேக்டரிக்குப் பின்னாடி, எட்டுப் பேர் படுக்கிற தகர ரூமுல, மேல் கட்டில்."

இவ்வளவையும் போனிடம் சொல்லிவிட்டு அவன் நிறுத்தினான். போன் அதை எழுத்தாக்கித் திரையில் வைத்துவிட்டு, மேலே சொல் என்பதுபோலக் காத்திருந்தது. அவன் எதையும் விரலால் தட்டி எழுதுவதில்லை. நாள் முழுக்க ஸ்டேப்ளர் துப்பாக்கியை அழுத்திக்கொண்டே இருக்கிற கை. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் கட்டைவிரல் மடங்கியது மடங்கியபடியே நிற்கும். சோற்றை அள்ளவே அதற்கு மனசு வர வேண்டும், எழுத்தை எங்கே தட்டுவது.

பேசிக்கொண்டிருந்தது தெருக்காரர்களின் குழுவுக்கு. தண்ணீர் எப்போது வரும், கரண்டு எப்போது போகும், யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது என்று பேசிக்கொள்ள வைத்திருக்கும் குழு. அக்கா நேற்றுத்தான் அவனை அதில் சேர்த்திருந்தாள். நூற்றுப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பாதிப் பேர் அவன் கிளம்பி வந்த பிறகு குடிவந்தவர்கள். அதனால் தன்னை யார் என்று முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

"கொத்தனார் மவன்னு சொன்னா பழைய ஆளுங்களுக்குத் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டான்.

தெரியாமல் இருக்காது. சுவர் மட்டமாக நிற்கிறதா என்று பார்க்க, நடுவில் குமிழி ஓடுகிற கட்டை ஒன்றைக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, ரசமட்டம், அதை ஆறு வயதில் தூக்கிக்கொண்டு தெருவையே அளந்தவன் அவன். அம்மியில் வைத்தான், ஆட்டின் முதுகில் வைத்தான், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த அப்பாவின் வயிற்றில் வைத்தான். "அப்பா, குமிழி நடுவுல நிக்கல" என்றான். அப்பா கண்ணைத் திறக்காமலே, "வயிறு சோத்தை அரைச்சு முடிக்கட்டும்டா, தானா நடுவுக்கு வரும்" என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் ஊருக்கெல்லாம் வீடு கட்டிய அந்தக் கொத்தனாரின் வீடுதான் தெருவிலேயே முதலில் ஒழுகியது. இரண்டே அறை. கல்யாணமான புதிதில், வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில் அவரே கட்டியது. முப்பது வருஷத்தில் கூரைக்குள் இருந்த கம்பி துருவேறி உப்பி, சிமெண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஒரு நாள் விடியலில் அம்மா தண்ணீர் பிடிக்க எழுந்து போன மறு நிமிஷம், அவள் தலையணை மேல் இட்லிப் பானை மூடி அளவுக்கு ஒரு காரைத்துண்டு விழுந்தது.

"தண்ணி பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று அம்மா போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இடித்துக் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கட்டுவது யார் என்பதுதான் கேள்வி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அப்பா சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். எலும்பு கூடியது, நடுக்கம் நின்றபாடில்லை. டீ டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டைக்குத்தான். சரி, வேறு கொத்தனாரைக் கூப்பிடலாம் என்றால், வந்த மூன்று பேரையும் மூன்றே நாளில் ஓட்டிவிட்டார்.

"ஒருத்தன் பூச்சுக் கரண்டி பிடிக்கிறதைப் பாத்தேன்டா. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுறான்."

"இன்னொருத்தரு?"

"அவன் நூல் கட்டாமலே கல்லு வெக்கிறான். கேட்டா, கண்ணுலயே மட்டம் பாத்துக்குவேன்கிறான். உனக்கு ஒண்ணரைக் கண்ணுடா, எந்தக் கண்ணுல பாப்பேன்னு கேட்டேன். கோவிச்சிக்கிட்டுப் போயிட்டான்."

"எல்லாரையும் இப்படி விரட்டுனா யாருப்பா கட்டுவாங்க?"

"அதாண்டா நானும் யோசிக்கிறேன்" என்றார். உண்மையாகவே யோசிக்கிறவர் போலத்தான் சொன்னார்.

அந்த யோசனைக்குப் பதில் தன் கண் முன்னால் தினமும் உருண்டு போவதாக அவனுக்குத் தோன்றியது. அவன் வேலை செய்த கொட்டகை ஒரு பெரிய மைதானம் அளவு. ஒரு கோடியில் வெறும் இரும்புச் சட்டமாக ஆரம்பிப்பது, தண்டவாளத்தில் தள்ளித் தள்ளி நகரும். ஓரிடத்தில் தரைப்பலகை, அடுத்த இடத்தில் சுவர், அப்புறம் கூரை, ஒயர், குழாய், ஜன்னல். குளியலறையில் துண்டு மாட்டும் கொக்கிகூட மாட்டியாகிவிடும். மறு கோடிக்கு வரும்போது அது பாதி வீடு. ரொட்டியை நடுவில் அறுத்த மாதிரி ஒரு பக்கம் முழுக்க வாய் திறந்திருக்கும். இன்னொரு பாதி பின்னாலேயே வரும். இரண்டையும் தனித்தனி டிரெய்லரில் ஏற்றி, அஸ்திவாரத்தில் கிரேனால் இறக்கி, வாயோடு வாய் வைத்து போல்ட்டு முறுக்கினால் வீடு. கடைசி இடம் அவனுடையது. அந்தத் திறந்த பக்கத்தை வெள்ளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, நான்கு விரல்கடைக்கு ஒரு ஸ்டேப்ளர் ஊசி வீதம் அடித்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டாயிரம் ஊசி.

சொந்த ஊர்ப் பக்கத்திலும் ஒரு கம்பெனி இதே மாதிரி செய்கிறது என்று தெரிந்த அன்றைக்கே, சாப்பாட்டு இடைவேளையில் வீட்டைக் கூப்பிட்டான்.

"வீட்டை அவங்களே செஞ்சு லாரியில கொண்டாந்து வெச்சிடுவாங்கப்பா."

"வீடு என்ன டிபன் கேரியரா, அடுக்கி வெச்சு கொக்கி மாட்ட?"

"அப்படித்தாம்ப்பா. நாம அஸ்திவாரம் போடற அதே நேரத்துல அங்க ஃபேக்டரியில வீடு ஆயிடும். மழை வந்தாலும் வேலை நிக்காது, ஏன்னா கூரைக்கு அடியிலதானே செய்யறாங்க. ரெண்டரை மாசத்துல எல்லாம் முடிஞ்சிடும்."

"சுவத்தைத் தட்டினா என்ன சத்தம் வரும்?"

அவன் பக்கத்திலிருந்த பலகையைத் தட்டிப் பார்த்தான். "டொக்டொக்னு வரும்."

"அப்ப அது சுவரு இல்ல, கதவு."

"இரும்புச் சட்டம்பா உள்ள. நடுவுல பஞ்சு மாதிரி வெப்பம் தடுக்கிற பொருள் வெச்சு, ரெண்டு பக்கமும் பலகை அடிச்சிருக்கும். வெயில் உள்ள வராது. சக்கரம் வெச்ச வண்டி வீடு இல்ல இது. ஒரு தடவை உக்காந்துட்டா அப்புறம் நம்ம வீடு மாதிரியேதான்."

"ஆணி அடிக்கலாமா?"

"சட்டம் இருக்கிற இடத்துல அடிக்கலாம்."

"எங்க அடிக்கணும்னு வீட்டைக் கேட்டுட்டு அடிக்கணுமாக்கும்" என்றார். பக்கத்தில் அம்மா, "அவன் அங்க அதைத்தானேங்க செய்யறான், தெரியாமலா சொல்வான்" என்றது கேட்டது.

கடைசியில் அப்பாவை மடக்கியது ஒரே ஒரு விஷயம். வேறு எந்தக் கொத்தனாரும் வாசல்படியை மிதிக்க வேண்டியதில்லை. அஸ்திவாரம் மட்டும் இங்கே போட வேண்டும், அதையும் சித்தாட்களை வைத்து, அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று மேற்பார்வை பார்த்தாலே போதும்.

மனையைக் காலி செய்து காட்டினால்தான் கம்பெனி வேலையைத் தொடங்கும். அதனால் பழைய வீட்டை இடித்தார்கள். முதல் கடப்பாரையை அப்பாதான் போட்டார், இடது கையால். அம்மா தள்ளி நின்று, "முப்பது வருஷமா ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்க விடல மனுஷன். இப்பப் பாருடி, எப்படிக் குத்துறாருன்னு" என்று அக்காவிடம் சொன்னாள். அக்கா அதையெல்லாம் வீடியோ எடுத்து அனுப்பினாள். செங்கல்லை மட்டும் அப்பா உடைய விடவில்லை. ஒவ்வொன்றாகக் காரை தட்டி, மனையின் ஓரத்தில் அடுக்கச் சொன்னார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தங்குவதற்கு மாவு மில்லுக்கு மேலே ஒரு அறை கிடைத்தது. மில்காரர் மூன்று மாசம் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். அதற்குமேல் அங்கே அவருடைய இரண்டாவது மெஷின் வருகிறது. காலை ஏழு மணிக்குக் கீழே பெல்ட் ஓடத் தொடங்கினால் மேலே பாத்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தலையில், புருவத்தில், குடிக்கிற தண்ணீரில் மாவு. "உங்கப்பாவுக்கு இப்பதான் கை நடுங்கறது தெரியல, ரூமே நடுங்குதே" என்றாள் அம்மா.

ஆர்டர் கொடுக்கும் காகிதத்தைக் கம்பெனி அவனுக்குத்தான் போனில் அனுப்பியது. எட்டுப் பக்கம். ஆறாவது பக்கத்தில் ஒரு கட்டம்: வீடு இறங்கும் இடம் வரைக்கும் பன்னிரண்டு அடி அகலத்துக்குத் தடையில்லாத வழி இருக்கிறது. ஆம் என்றால் கட்டத்தில் குறி போட வேண்டும். வீட்டின் ஒரு பாதி பதினொன்றரை அடி அகலம்.

"அக்கா, டேப்பை எடுத்துட்டுத் தெருவுக்குப் போ" என்றான்.

அக்கா ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். "ஏன்டா, சாப்பிட்டுட்டுப் போகக் கூடாதா? தெரு எங்கயும் ஓடிடாது."

டேப்பின் மறுமுனையை அப்பா பிடித்தார். அவனுடைய தெரு நேர்த் தெரு, வளைவே கிடையாது. முனையிலிருந்து மனை வரைக்கும் இருபது இடத்தில் குனிந்து, சுவருக்குச் சுவர் டேப்பை இழுத்து அளந்தார்கள். அப்பா அதோடு விடாமல் நூல் பிடித்தும் பார்த்தார்.

"எங்கயும் பதினாலுக்குக் குறையலடா. சில இடம் பதினாலடி ரெண்டு இஞ்சு" என்றாள் அக்கா.

அப்பா போனை வாங்கி, "பதினாலு. எழுதிக்கோ" என்றார்.

அவன் கட்டத்தில் குறி போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்த கீழ்க் கட்டில் வெல்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "எல்லாம் பாத்துட்டியாடா? நம்ம கேட்டுக்கு வெளியவே மாசம் ஒரு வீடு மாட்டுது" என்றார்.

"எங்கப்பா அளந்தா அளந்ததுதாண்ணே."

"அப்ப சரி. முட்டை சாப்பிடு."

அஸ்திவாரம் முடிந்த அன்றைக்குக் கம்பெனி ஆள் ஒருவர் பைக்கில் வந்தார். மூலைக்கு மூலை கருவி வைத்துப் பார்த்தார். போல்ட்டுக்கு போல்ட்டு அளந்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, "ரெண்டு மில்லி வித்தியாசம்கூட இல்லைங்க. எந்தக் கம்பெனி போட்டது?" என்று கேட்டார்.

"கம்பெனியெல்லாம் இல்ல" என்றார் அப்பா. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றைக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார் என்று அம்மா சொன்னாள். அந்த ஆள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். பைக்கில் வந்தவருக்குத் தெரு அகலமாகத்தான் தெரிந்திருக்கும்.

வீடு வந்த நாளன்று அவன் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஃபேக்டரிக் கழிப்பறையில் போனோடு உட்கார்ந்திருந்தான். அக்கா வீடியோவைத் திறந்து வைத்திருந்தாள். தெருவே வாசலில் நின்றது. முன்பாதி முதலில் வந்தது, வெள்ளைத் தாள் போர்த்திக்கொண்டு, பார்க்கப் பெரிய வெல்லக்கட்டி மாதிரி. இரண்டு பேர் முன்னால் நடந்து மூங்கிலால் ஒயரைத் தூக்கிப் பிடிக்க, டிரெய்லர் ஊர்ந்து உள்ளே நுழைந்தது. ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று வீடு தாண்டியது. அம்மா கையை மாற்றி மாற்றிப் பிசைந்துகொண்டிருந்தாள்.

நாலாவது வீட்டுக்கு முன்னால் டிரைவர் பிரேக் போட்டான். ஜன்னல் வழியே தலையை நீட்டி, மேலே பார்த்தான்.

"யோவ், மேல என்னய்யா இது?"

நாலாவது வீடு டெய்லரக்காவுடையது. கீழே ஓர் அறை. மேலே ஓர் அறை, தெருப்பக்கமாக மூன்றடி நீட்டிக்கொண்டு நின்றது. தரையில் சுவர் எங்கே இருந்ததோ அங்கேதான் இருந்தது. பத்தடி உயரத்தில், தெருவின் தலைக்கு மேலே, மூன்றடி வீடு. டிரெய்லர் மேல் நின்ற வெள்ளைப் பெட்டியின் தோள் அதற்கு நேரே இருந்தது.

டிரைவர் இறங்கி, உதவியாளை மேலே ஏற்றி அளக்கச் சொன்னான். எதிர்ச் சுவருக்கும் அந்த அறைக்கும் நடுவே பதினோரு அடி.

"அரை அடி கம்மி" என்றான் டிரைவர். "அளந்தது யாரு?"

டிரைவர் அந்த அறையைக் கையால் காட்டினான். "அளந்தவரு தெருவுல எறும்பு போறதுக்கு அளந்தாராய்யா? வீடு என்ன தரையோட தரையா ஊர்ந்தா வரும்?"

அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கழிப்பறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவனுக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். அந்தத் தளத்தைப் போட்டது அப்பா. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், டெய்லரக்காவின் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு, கீழ் அறையை வாடகைக்கு விட்டுவிட்டு மேலே தைக்க வெளிச்சமான இடம் வேண்டும் என்று அவள் கேட்டதற்காக, தூண் இல்லாமல் மூன்றடி நீட்டிப் போட்டுக் கொடுத்தது. யானையைக் கட்டினாலும் தாங்கும் என்று சவால் விட்டுப் போட்டது. அதன் பிறகு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்காமல் போனதில்லை அவர். டேப்பைப் பிடித்த நாள் மட்டும் குனிந்தே இருந்துவிட்டார்.

டெய்லரக்கா மேல் ஜன்னலில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"என்ன கொத்தனாரே, உங்க வீடு என் வீட்டை இடிக்க வந்திருக்கா?"

"அம்மாடி" என்றார் அப்பா. அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "ஒரு வழி இருக்கு. இந்த ஓரத்துச் சுவரை எடுத்துட்டு, தளத்துல ஒரு அடியை நறுக்கிட்டா..."

"நறுக்கிட்டா?"

"வீடு போனதும் மறுபடி கட்டிக் குடுத்துடறேன்."

டெய்லரக்கா இறங்கி வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள். தெரு வழிவிட்டது. அப்பாவின் எதிரில் நின்று, சத்தமில்லாமல் கேட்டாள்.

"யாரு கட்டுவாங்க?"

அப்பா மேல் தளத்தைப் பார்த்தார்.

"நீங்கதான் சொன்னீங்க. இந்தத் தளத்தோட கம்பி பின்சுவரு வரைக்கும் போவுது, எவனாவது கை வெச்சா வீட்டுல விரிசல் விடும், எவனையும் தொட விடாதேன்னு. நானும் பதினெட்டு வருஷமா ஒரு குழாய்க்குக்கூட ஓட்டை போட விடல. உங்க பேச்சைக் கேட்டுத்தான். உள்ள என் மிஷின் இருக்கு, எங்கம்மா படுத்த படுக்கையா கிடக்கு. நீங்க கட்டித் தர்றதா இருந்தா நாளைக்கே இடிச்சுக்கோங்க, போங்க. நான் வாடகைக்காரங்களை அனுப்பிட்டு, கீழ ரூமுல எங்கம்மாவைப் போட்டுக்கிட்டுக் காத்திருப்பேன். ஆனா..." அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். அது வேட்டியின் ஓரத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. "வேற ஆளை வெச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களாலயே வேற ஆள்கிட்ட உங்க வீட்டைக் குடுக்க முடியல."

அப்பா தலையை ஆட்டினார். கோபமே இல்லை அவர் முகத்தில். "சரிதாம்மா" என்றார். "நீ சொல்றது சரிதான்."

டிரைவர் பீடியை அணைத்துவிட்டு, "பின்னால எடுக்கறேன், எல்லாரும் ஒதுங்குங்க" என்றான்.

மறுமுனையிலிருந்து வரலாமே என்றார்கள். மறுமுனையில் சாக்கடை மூடி. அதன் மேல் தண்ணீர் லாரியே ஏறக் கூடாது. கூரைகளுக்கு மேலாகத் தூக்கலாமே என்றார்கள். அவ்வளவு நீளக் கை உள்ள கிரேன் அந்தப் பக்கத்திலேயே இல்லை, இருந்தாலும் குறுக்கே பெரிய மின்கம்பி. வீட்டை இன்னும் சின்னதாக அறுக்கலாமா என்று அம்மா கேட்டாள். சட்டத்தை அறுத்தால் வீடு நிற்காது. அவன் கம்பெனியைக் கூப்பிட்டான். ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். ஆறாவது பக்கத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். கட்டத்தில் குறி இருக்கிறதே சார், என்றாள். செய்த வீட்டைத் திரும்ப எடுப்பதில்லை சார், என்றாள்.

தெருமுனையில் பஸ் ரிப்பேர் ஷெட்டுக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்தது. ஷெட்டுக்காரர், "எனக்குத் தேவைப்படற வரைக்கும் வெச்சுக்கோங்க" என்றார். டிரைவர் இரண்டு பாதியையும் அங்கே மரக்கட்டை மேல் இறக்கினான். அவசரத்தில் முன்பாதியின் திறந்த பக்கம் மேற்கே பார்த்து நின்றது. அந்தத் தெருவுக்கு மழை மேற்கிலிருந்துதான் வரும். காற்றைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிற மாதிரி.

அக்கா போனில் காட்டியபோது அவன் வீட்டைப் பார்க்கவில்லை, ஊசியைத்தான் பார்த்தான். "கிட்டப் போ. இன்னும் கிட்ட. கீழ் ஓரத்தைக் காட்டு." நான்கு விரல்கடைக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாணுக்கு ஒன்று அடித்திருந்தார்கள். தன்னைப் போலவே எவனோ ஒருத்தன், கட்டைவிரல் வலித்துச் சாயங்காலத்தில் அடித்தது. அவனுக்கு அந்த முகம் தெரியாதவன் மேல் கோபம் வரவில்லை.

"எத்தனை நாளைக்குடா தாங்கும் இந்தத் தாளு?"

"லாரியில போற ரெண்டு நாளைக்குத்தாங்க்கா அது. இழுத்துக் கட்டினா ஆறு வாரம்."

"அப்புறம்?"

அப்புறம் தண்ணீர் பலகைக்குள் போகும். பலகை பிஸ்கட் மாதிரி ஊறும். பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டு விடாது. இரும்பு மட்டும் நிற்கும், அதுவும் எத்தனை நாளைக்கோ. அவன் இதைச் சொல்லவில்லை. "அதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிடலாம்" என்றான்.

ஒரு வழியும் வரவில்லை. ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டொக்டொக்கென்று தட்டினார். கோழிப்பண்ணைக்கு ஆகும், கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அப்பா அவருக்குப் பதில் சொல்லாமல் நடந்து மனைக்குப் போய் அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டார். வந்தவரும் மழை முடியட்டும், நனையாமல் இருந்தால் பார்ப்போம் என்று போய்விட்டார்.

மாசக் கடைசியில் மில்லுக்கு இரண்டாவது மெஷின் வந்தது. மில்காரர் கெட்டவர் இல்லை, மெஷினைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுத்தார். அம்மாவும் அப்பாவும் ஆறு மணி நேர பஸ் தூரத்தில் மாமா வீட்டுக்குப் போனார்கள். மாமா வீட்டில் கூடத்தில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து தாளை இழுத்துக் கட்டிவிட்டுப் போகிறாள். அவனுக்கு விடுப்பு வர இன்னும் பதினாலு மாசம். முன்னால் போனால் ஒப்பந்தம் முறியும், பிறகு இந்த வேலையும் இல்லை.

போன வாரம் மாமா வீட்டு நம்பரில் அப்பாவைக் கூப்பிட்டான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சு. இங்க உங்க அத்தை தட்டுல சோத்தை மலை மாதிரி வெக்கிறா. விருந்தாளிக்கு வெக்கிற மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "டேய்."

"சொல்லுப்பா."

"நான் அன்னிக்கு அண்ணாந்து பாக்காம இல்லடா. பாத்தேன். நல்லா நினைப்பிருக்கு. உங்கக்கா டேப்பை சுத்திக்கிட்டிருந்தா, நான் மேல பாத்தேன். பதினெட்டு வருஷத்துல ஒரு மயிரிழை விரிசல் இல்லியேன்னு பாத்துட்டு, அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். நான் போட்டது எனக்குக் குறுக்க நிக்கும்னு தோணல."

"குறி போட்டது நாந்தானப்பா."

"நீ என்னை நம்பிப் போட்டே."

"நீயும் என்னை நம்பித்தானே வீட்டையே இடிச்சே."

அப்பா சிரித்தார். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். "கூரை இருக்கு, சுவரு இருக்கு, அஸ்திவாரம் இருக்கு. எல்லாம் பழுதில்லாம இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல எரநூறு அடி தெரு இருக்கு, அவ்வளவுதான். வெச்சிடறேன், அடுத்தவங்க போனு."

இன்றைக்குச் செவ்வாய். வீட்டை ஷெட்டோரம் இறக்கி ஐந்து வாரம் முடிந்து மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை அக்கா எடுத்த படத்தை அவன் பெரிதாக்கி வைத்திருந்தான். முன்பாதியின் கீழ் மூலையில் ஒரு முழ நீளத்துக்குத் தாள் பிரிந்து நாக்கு மாதிரி தொங்கியது. அப்போது இருட்டிக்கொண்டு வந்ததால் அக்கா கவனிக்கவில்லை. காலையில் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள், மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது, காயப்போட்ட துணியை எடுங்கள் என்று.

சாப்பாட்டு இடைவேளை முடிய ஆறு நிமிஷம் இருந்தது. கீழ்க் கட்டிலிலிருந்து வெல்டர் அண்ணன், "யாருகிட்டடா கெஞ்சிக்கிட்டிருக்கே, பொண்ணா?" என்றார்.

"வீட்டுக்காகண்ணே" என்றான். அவர் அதற்குமேல் கேலி பண்ணவில்லை. அவர்தான் தினமும் படத்தைப் பார்க்கிறாரே. "மழை பலமா அடிச்சா ஒண்ணும் நிக்காதுடா" என்றார். "தெரியும்ணே" என்றான் அவன்.

போனை வாய்க்கு அருகே கொண்டுபோனான்.

"தெருமுனையில ஷெட்டுக்குப் பக்கத்துல வெள்ளைத் தாள் போட்டு நிக்கிறது எங்க வீடு. கேலி பண்றவங்க பண்ணிக்கோங்க, பரவாயில்ல. எங்க ஆளுங்க யாரும் இப்ப அங்க இல்ல, அதான் உங்ககிட்ட கேக்கறேன். டெய்லரக்கா மேல யாரும் வருத்தப்படாதீங்க, எங்கப்பாவே படல. அந்த வீடு உக்காரும்னு நான் சொல்ல வரல. நனையாம இருந்தா எதுக்காச்சும் ஆகும், அவ்வளவுதான். இதைப் படிக்கிறவங்க யாராயிருந்தாலும் சரி, அந்தப் பக்கம் போனா, மேற்க பாத்த பாதியில, ஷெட்டுப் பக்கத்துக் கீழ் மூலையில தாள் பிரிஞ்சு தொங்குது. அதை மடிச்சு உள்ள விட்டு, மேல ஒரு கல்லைத் தூக்கி வெச்சுட்டுப் போங்க. கல்லு எங்க மனையில அடுக்கியிருக்கு. எங்க பழைய வீட்டுக் கல்லுதான், யாரையும் கேக்க வேணாம். ரெண்டா வெச்சா இன்னும் நல்லது."